ஆமோஸ் கையில் மாமாவின் தூக்குக்குண்டு

பட்டாபிராம்,
14.9.1988

பேரன்பும் அதைவிடப் பெருங்கோபமும் உடைய தேவராஜ் மாமா அவர்களுக்கு, தங்கள் அக்காள் ராஜம்மாளின் ஒரே மகன் ஆனந்தன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், அம்மா, அப்பா, எங்கள் சர்ச்சின் பீடத்துச் சுவர் ஆகிய அனைவரும் நலம். சுவர் மட்டும் சற்றுச் சாய்ந்தவாறு நலம். திருவேற்காட்டில் தாங்களும் அத்தையும் நலமா? நாகப்பன் மேஸ்திரியின் மூக்கு நலமா?

மூக்கை ஏன் விசாரிக்கிறேன் என்றால், சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்க நீங்கள் வைத்திருந்து காணாமல் போன பித்தளைத் தூக்குக்குண்டை அவர்தான் அடித்துவிட்டார் என்று நீங்கள் சண்டைக்குப் போய், டீக்கடை எதிரில் இருவரும் மணல் குவியலில் கட்டிப் புரண்டதாக அத்தை கார்டு போட்டிருந்தார். மாமா, அவர் எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். போன மாசம் உங்க ஊட்டுக்கு வந்தப்போ சாந்துச் சட்டியில கெடந்துச்சி, திரும்பி வரும்போது என் டிபன் டப்பாவுல கெடந்துச்சி. திருட்டு இல்ல மாமா, ஊழியத்துக்கு எடுத்துக்கினேன். பல்லைக் கடிக்காம முழுசாப் படிங்க.

போன ஞாயிறு எங்கள் சர்ச்சில் வாலிபர் ஞாயிறு. பத்து நிமிஷப் பிரசங்கம் என் தலையில் விழுந்தது. "போன கிறிஸ்மஸ் நாடகத்துக்கு நெசமான ஆட்ட ஓட்டியாந்து பீடத்துப் பூவையெல்லாம் மேய விட்டவன் நீ. இந்தத் தடவ வாயால மட்டும் செய்," என்று போதகர் ஐயா கண்டிஷன் போட்டார். சரி, ஆட்டை விட்டுட்டு ஆடு மேய்ச்சவரப் புடிப்போம்னு ஆமோஸ் தீர்க்கதரிசியைப் புடிச்சேன். நெமிலிச்சேரி ஸ்டேஷன் பெஞ்சில ஒக்காந்து எட்டு நாள் படிச்சேன், மூணு ரயில விட்டேன். அந்த ஆளு பெரிய குடும்பம் இல்ல மாமா, குருமார் வம்சம் இல்ல, ஆடு மேய்ச்சிக்கினு அத்திப்பழம் பொறுக்கிக்கினு இருந்தவரு. அவரப் போயி கடவுள் ராஜா கோயிலுக்கே அனுப்பறாரு. இன்னா சொல்லி? பண்டிகை ஜோராத்தான் கொண்டாடுறீங்க, பாட்டும் ஜோராத்தான் பாடுறீங்க, ஆனா வாசல்ல ஏழைய மிதிச்சிட்டு உள்ள வந்து பாடுற பாட்டு எனக்கு வெறும் சத்தம், மொதல்ல நியாயத்தக் கொண்டாங்கன்னு. அப்புறம் ஒரு தரிசனம். கடவுளே கையில தூக்குநூலோட ஒரு சுவரண்ட நிக்கிறாரு, ஜனங்க நேரா நிக்கிறாங்களா சாஞ்சி நிக்கிறாங்களான்னு பாக்க. படிச்சதும் எனக்கு முதுகு தானா நிமிந்துச்சி. சத்தியமா குறும்பு பண்ற எண்ணமே இல்ல. நம்ப மாட்டீங்க, அம்மாவும் நம்பல.

ஞாயித்துக்கிழம பிரசங்க முடிவுல, பீடத்துக்குப் பின்னால இருக்கிற சுவத்துல, வசனப் படம் மாட்டுற ஆணியில நூலக் கட்டி உங்க குண்டைத் தொங்க விட்டேன். ஆடுச்சி, ஆடுச்சி, நின்னுச்சி. மேல சுவத்த ஒட்டியிருந்த நூலு, கீழ வர வர, மாமியார் ஊட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி வெலகி நின்னுச்சி. அந்த வசனப் படம் கீழ்ப்பக்கம் சுவத்தத் தொடாம நிக்கிறதப் பாத்து காத்துல தூக்குதுன்னு இத்தன வருஷமா நெனச்சிருந்தோம். சுவரே தலை குனிஞ்சி ஜெபம் பண்ணிக்கினு கீது!

எங்க சபையப் பத்தி உங்களுக்குத் தெரியணும். பாதிப் பேரு ஃபாக்டரியில இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷன். ஞாயித்துக்கிழம கூட சட்டப்பையில ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் இல்லாம வர மாட்டாங்க. கோணலா ஒண்ணக் கண்டுட்டா அவங்களால கண்ண மூடி ஜெபம் பண்ண முடியாது. மொதல்ல மனோகரன் அண்ணன் எழுந்து வந்தாரு, குனிஞ்சாரு, "ஒன்றேகால் அங்குலம்"னாரு. எங்கப்பா ஓடியாந்து, "ஸ்கேல நேரா புடிப்பா, ஒன்றரைக்கு நூலளவு கம்மி"ன்னாரு. "உன் கண்ணு ஒன்றரை." "உன் ஸ்கேல் முனை தேஞ்சிபோச்சி." பன்னெண்டு பேரு வரிசை கட்டி அளந்தாங்க. ஆசீர்வாதம் சொல்லத் தூக்குன கைய எறக்கவும் முடியாம போதகர் ஐயா நிக்கிறாரு. கடைசியில மனோகரன் அண்ணன் பழக்க தோஷத்துல, "ரிஜெக்ட்!"னு ஒரு சத்தம் போட்டாரு பாருங்க, ஜன்னல்ல இருந்த புறா பறந்துடுச்சி.

அங்கதான் வந்தது வினை. அந்தச் சுவத்துல ஒரு கல்வெட்டு கீது: "திரு. உத்தமன் மேற்பார்வையில் கட்டி முடிக்கப்பட்டது, 1976." உத்தமன் சார் எங்க கமிட்டிச் செயலாளர். மூஞ்சி செவந்துபோயி, "நான் சும்மா மேற்பார்வைதான், கட்டினவன் எவனோ ஒரு மேஸ்திரி"ன்னாரு. நான் வாய வச்சிக்கினு சும்மா இருந்திருக்கலாம். "மேற்பார்வைன்னா மேல பாக்குறதில்ல சார், சுவத்தப் பாக்குறது. கல்வெட்டுல பேரு உங்களுது, கோணல் மட்டும் மேஸ்திரியுதா?"ன்னு கேட்டுட்டேன்.

அன்னிக்கே கமிட்டி கூடிடுச்சி. வர்ற ஞாயிறு அறுப்பின் பண்டிகை, முழு சபை முன்னாடி உத்தமன் சார்கிட்ட மன்னிப்புக் கேக்கணுமாம், இல்லன்னா அக்டோபர்ல எனக்குத் திடப்படுத்தல் கெடையாதாம், சபையில முழு அங்கமாச் சேத்துக்க மாட்டாங்களாம். "பிரசங்கம் பண்ண ஆசன்னா திருவேற்காட்டுக்குப் போயி உங்க மாமன் ஊட்ல பண்ணு"ன்னு உத்தமன் சார் வேற சொன்னாரு. ஆமோஸையும் இப்பிடித்தான் தொரத்தினாங்க மாமா, உன் ஊருக்குப் போய்ப் பொழச்சிக்கோ, இங்க வாயத் தொறக்காதன்னு. அவரு போகல, நானும் போகல. அத்தையோட கருவாட்டுக் குழம்பு ஞாபகம் வந்துச்சி, அப்பவும் போகல. திடப்படுத்தலுக்கு அம்மா எனக்கு வெள்ளச் சட்ட தெச்சி வச்சிட்டாங்க, அதக் கையில வச்சிக்கினு, "ஒரு வார்த்த சொல்லிட்டா உன் நாக்கு தேஞ்சா போயிடும்?"னு அழுவுறாங்க. இருந்தாலும் மாட்டேன். நேரா தொங்குற நூலுகிட்டப் போயி, நீ கோணல்னு எப்பிடி மாமா சொல்றது?

ஆகவே மாமா, வர்ற ஞாயிறு நீங்க அவசியம் வரணும். வழக்கமா எங்க சர்ச்சுக்கு வந்தா உள்ள வராம வெளிய வேப்பமரத்துல சாஞ்சே நிப்பீங்களே, அது வேணாம். இருவது வருஷ மேஸ்திரி நீங்க, உள்ள வந்து சுவத்தத் தடவிப் பாத்துட்டு ரெண்டே வார்த்த சொன்னாப் போதும். எந்த அரைக்குருடன் கட்டினானோ! அவன் கையில இருந்தது கொத்துக் கரண்டியா குழம்புக் கரண்டியா? செங்கல்லுக்குப் பதிலா இட்லி அடுக்கியிருந்தாக் கூட நேரா வந்திருக்கும்.

நாகப்பன் மேஸ்திரிகிட்ட நானே வந்து கால்ல விழறேன். அத்தைக்கு வணக்கம், குழம்புக்கு என் ஏக்கம். கர்த்தர் உங்களையும் உங்கள் சாரத்தையும் சரியாமல் காப்பாராக.

இப்படிக்கு,
எப்பக்கமும் சாயாத மருமகன்,
ஆனந்தன்

பின்குறிப்பு: தன் பங்குக்கு ரெண்டு வரி எழுதறேன்னு லெட்டர வாங்கின அம்மா, படிச்சிட்டு அடுப்பண்டயே ஒக்காந்துட்டாங்க. சிரிச்சாங்க, அப்புறம் அழுதாங்க, அப்புறம்தான் சொன்னாங்க. அந்த அரைக்குருடன் நீங்களாமே மாமா! கூலி வாங்காம கட்டினீங்களாம். வேல நடக்கும்போதே தூக்குக்குண்டு காணாமப் போச்சாம். வேற குண்டு எடுத்தாரேன்னு நீங்க சொன்னதுக்கு, "நாளைக்குப் பண்டிகை, குண்டாவது கல்லாவது, கட்டுய்யா"ன்னு உத்தமன் சார் வெரட்டினாராம். கண்ணளவுலயே கட்டி முடிச்சிட்டு, அன்னியிலிருந்து வெக்கத்துல நீங்க உள்ள வர்றதில்லயாம். அந்தக் குண்டையும் நாகப்பன் மேஸ்திரிதான் எடுத்தாருன்னு அப்பவும் ஒரு சண்டையாம்.

அதையும் அவர் எடுக்கல. அது சர்ச்சுக் கெணத்துல கீது. டுபுக்னு சத்தம் வருதான்னு பாக்க மூணு வயசுப் பையன் ஒருத்தன் தூக்கிப் போட்டத அம்மா கண்ணால பாத்திருக்காங்க. நீங்க அடிப்பீங்கன்னு பயந்து பன்னெண்டு வருஷமா வாயத் தொறக்கல. பையன் பேரு ஆனந்தனாம்.

"இத அனுப்பாதடா"ன்னு அம்மா கெஞ்சறாங்க. ஒரு வரி கூட அடிக்காம அனுப்பறேன். வர்ற ஞாயிறு மன்னிப்புக் கேக்கவும் போறேன், உத்தமன் சார்கிட்ட இல்ல, உங்க ரெண்டு மேஸ்திரிங்ககிட்ட. கல்வெட்டுலயும் பேர் சேக்கச் சொல்லப் போறேன். கோணல்ல பங்கு உள்ளவங்க மூணு பேர்: உத்தமன் சார், நீங்க, நான். நாகப்பன் மேஸ்திரியையும் சைக்கிள்ல ஏத்திக்கினு வாங்க. குண்டு அதுவரைக்கும் எங்கிட்டயே இருக்கட்டும், இந்தத் தடவ நூல என் நெத்தியிலிருந்து தொங்க விடணும்.

உள்ள வாங்க மாமா. அந்த வேப்பமரத்துக்கும் குண்டு கட்டிப் பாத்துட்டேன். அது நேராத்தான் நிக்குது, நீங்க முட்டுக் குடுக்க வேணாம்.