பதில் முகாமையாளரும் ஆடும் கதிரையும்

கதிரை இடப்பக்கம் சரிந்ததும் தர்சன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். கையிலிருந்த தேநீரைப் பிடிக்கத்தான் ஆளில்லை. அது சேட்டில் கொட்டியது.

"விடிஞ்சதிலயிருந்து இது ரெண்டாவது சேட்டு, சேர்," என்றாள் எழுதுவினைஞர் கஜந்தி, கணினியை விட்டுக் கண்ணை எடுக்காமலே.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த கப்பல் முகவர் கந்தோர் அது. தர்சன் அங்கே முகாமையாளர். சரியாகச் சொன்னால், பதில் முகாமையாளர், அதாவது நிரந்தரமாக ஒருவரைப் போடும்வரை அந்த வேலையைப் பார்ப்பவர். முன்பு முகாமையாளராக இருந்த சிவகுருநாதன் ஐயா ஓய்வுபெற்ற நாளிலிருந்து அந்தப் 'பதில்' செருப்பில் ஒட்டிய தார் மாதிரி அவனோடு திரிந்தது. இன்று பகல் கொழும்பிலிருந்து பணிப்பாளர் கலீலுர் றஹ்மான் வருகிறார். அவருக்கு மனம் நிறைந்தால் அந்தச் சொல் போய்விடும். நிறையாவிட்டால் தர்சனே போகவேண்டி வரலாம்.

மேலதிகாரி வந்தால் முகாமையாளர் எழுந்து தன் கதிரையை அவருக்குக் கொடுத்துவிட்டு எதிர்ப்பக்கம் இருக்கவேண்டும். யாரும் எழுதிவைத்த சட்டமில்லை, ஆனால் மீறியவரும் இல்லை. போனமுறை பணிப்பாளர் இதே கதிரையில் இருந்து, மடியில் தேநீரை வார்த்துக்கொண்டு, முகத்தைச் சுளித்தபடி உப்புவெளிக்குச் சாப்பிடப் போனவர், அப்படியே கொழும்புக்குத் திரும்பிவிட்டார். ஐயாவுக்குக் கடைசிவரை பதவி உயர்வு கிடைக்காததற்குக் காரணம் இந்தக் கதிரைதான் என்பது தர்சனின் கண்டுபிடிப்பு.

"புதுசா ஒண்டு வாங்கினால் என்ன, சேர்?"

"அதுக்குக் கொழும்பில அனுமதி எடுக்கவேணும். அனுமதி தாறதெண்டால் அவர் வந்து பார்க்கவேணும். வந்தால் இதிலதானே இருப்பார்?"

கஜந்தி யோசித்துப் பார்த்தாள். "அதுவும் சரிதான்," என்று வேலையைத் தொடர்ந்தாள்.

கந்தோர் வான் சாரதியிடம் ஸ்பனர் வாங்கி, கதிரையைத் தலைகீழாகக் கவிழ்த்து, கைபேசியில் யாரோ கதிரை திருத்தும் வீடியோவைப் பார்த்துப் பார்த்து, தர்சன் ஒரு நட்டை இறுக்கினான். ஆட்டம் நின்றது. வெற்றிப் புன்னகையோடு ஏறி இருந்தான். கதிரை ஒரு பெருமூச்சு விட்டுக் கீழே இறங்கத் தொடங்கியது. அவன் நாடி மேசைக்கு நேராக வரும்வரை நிற்கவில்லை.

கோப்போடு வந்த கஜந்தி அறையைச் சுற்றிப் பார்த்தாள். "சேர் எங்க?"

"இங்கதான் இருக்கிறன்."

இறங்குகிற கதிரையை நிறுத்த வழி இருந்தது. கழிவறைக்குப் பின்னால் கிடந்த பிளாஸ்டிக் பைப்பில் ஒரு துண்டு வெட்டி, நடுத்தண்டைச் சுற்றிக் கொழுவினான். இப்போது கதிரை இறங்கவில்லை. ஆனால் இருந்தவனின் கால்தான் நிலத்தில் படவில்லை.

"பணிப்பாளர் சேர் கட்டையான ஆளெல்லோ?" என்றாள் கஜந்தி.

"தெரியும்."

"கீழ ஒரு ஆணி கிடக்குது. அது இதில இருந்ததோ?"

"இருந்தது."

இருந்த ஆணி இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பது உடனேயே தெரிந்தது. கதிரையின் ஒரு கால் முறிந்தது. மிச்சச் சில்லுகள் தர்சனையும் ஏற்றிக்கொண்டு சுவர்வரை ஓடி நின்றன. நிலத்தில் கிடந்தபடி அவன் தன்னைப் பற்றி யோசித்தான். மலை மாதிரிக் கோதுமை ஏற்றிவரும் கப்பலைத் துறைக்குள் எடுக்க ஒழுங்குசெய்கிற மனிதனால் ஒரு கதிரையை நிற்கவைக்க முடியவில்லை. வீட்டுக்காரி இதைக் கேள்விப்பட்டால் ஒரு வருடத்துக்குச் சிரிப்பாள். அதற்கு அவளைக் குறை சொல்லவும் முடியாது.

கதிரையை ஓட்டோவில் ஏற்றிக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனான். ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று வீதியோரம் மேய்ந்தபடி தலையைத் தூக்கிப் பார்த்தது. அதன் பார்வையில் மரியாதை இருந்ததாக அவனுக்குப் படவில்லை.

படகுகளுக்கு இரும்பு ஒட்டுவேலை செய்யும் றுமைஸ் கதிரையைப் புரட்டிப் பார்த்தான்.

"என்னெண்டு இப்பிடி உடைஞ்சது?"

"திருத்தினனான்."

"அப்ப சரி," என்றான் றுமைஸ். அதற்குமேல் விளக்கம் கேட்கவில்லை. "உருளவேணுமா, உறுதியா நிக்கவேணுமா? ரெண்டும் ஏலாது."

"ஆடாமல் நிண்டால் காணும், தம்பி. கெதியாச் செய்யும்."

சில்லுகள் போயின. சுழலும் தண்டு போனது. படகு எஞ்சின் வைக்கும் இரும்புத் தகடும் நாலு இரும்புக் கால்களும் வந்து ஒட்டிக்கொண்டன. "கடல் பொங்கினாலும் இது அசையாது," என்றான் றுமைஸ். ஓட்டோவில் ஏற்றும்போதே அது உண்மைதான் என்று தர்சனின் இடுப்பு சொன்னது. ஓட்டோச் சாரதியும் அவனுமாகக் கந்தோருக்குள் இழுத்துக்கொண்டு வந்து வைக்கவும், வாசலில் பணிப்பாளரின் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

கலீலுர் றஹ்மான் அந்த இரும்புக் கால்களைப் பார்த்தார். தர்சனைப் பார்த்தார். மெல்ல இருந்தார். இடப்பக்கம் அசைந்து பார்த்தார், வலப்பக்கம் அசைந்து பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. பின்னால் சாய்ந்து கண்ணை மூடினார்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார். "முதுகு வருத்தத்துக்கு இப்பிடி அசையாத கதிரைதான் நல்லம் எண்டு டொக்டர் சொன்னார். நீங்க செய்விச்சதா, தர்சன்?"

"ஓம், சேர்." தர்சனுக்கு நெஞ்சு நிறைந்து அழுகையே வரப் பார்த்தது.

பணிப்பாளர் தேநீரைச் சிந்தாமல் குடித்தார். இன்னொன்று கேட்டார். பிறகு ஒரு கோப்புக் கேட்டார், அதன் பிறகு அலுமாரியைத் திறக்கத் திறப்பைக் கேட்டார். உப்புவெளிச் சாப்பாட்டை வேண்டாமென்று சொல்லிச் சோற்றுப் பார்சல் எடுப்பித்தார். பின்னேரமானதும் தர்சனை அன்போடு கூப்பிட்டார்.

"நான் ஒரு முடிவுக்கு வந்திட்டன். கொழும்புச் சத்தம் எனக்கு ஒத்துவருதில்ல. இனி இந்தக் கிளையை நானே இங்க இருந்து பார்க்கிறன். தனியா முகாமையாளர் ஒராள் தேவைப்படாது. நீங்க கஜந்திக்குப் பக்கத்தில ஒரு மேசையைப் போட்டுக்கொள்ளுங்க."

தர்சன் வெளியே வந்து ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தான். கஜந்தி தன் மேசையைக் கொஞ்சம் தள்ளி இடம்விட்டாள். கைபேசி அடித்தது. சிவகுருநாதன் ஐயா.

"தம்பி, அவர் மத்தியானமே வெளிக்கிட்டிருப்பாரே?"

"இல்லை, ஐயா. உள்ளுக்குத்தான் இருக்கிறார். இனி எப்பவும் இங்கதானாம்."

"கதிரை?" என்றார் ஐயா, பயந்த குரலில்.

"அதை வடிவாத் திருத்திப்போட்டன், ஐயா. இப்ப துளியும் ஆடாது."

"தம்பி, அந்தாள் வாறதுக்கு முதல்நாள் தவறாமல் அந்த நட்டைத் தளர்த்தி வச்சுத்தானே நான் இவ்வளவு காலமும் முகாமையாளரா இருந்தனான்."