இருநூறு சுற்றில் நிற்கும் வண்டி

மானாம்பதியில் ரேடியோக்காரரைப்போல வழி தவறுகிறவர் இன்னும் பிறக்கவில்லை. சொந்த வீட்டுக்குக் கிளம்பி ஐயங்கார்குளம் போய்ச் சேர்ந்த மகான் அவர். எண்பதுகளில், யாரும் ஓட்டாமலே ஓடி, தான் இருக்கும் இடத்தைத் தானே கண்டுபிடிக்கும் வண்டி ஒன்றை அவர்தான் செய்தார்!

லாரி பேட்டரி, வைப்பர் மோட்டார், சைக்கிள் சக்கரங்கள். பக்கவாட்டில் ஒரு மூங்கில் குச்சி சாலையோரக் கால்வாய்ச் சுவரைத் தடவிக்கொண்டே வரும், வண்டி கோணாது. மோட்டார் ஓட்டும் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் உள்ளே ஒரு ‘டக்’. வீட்டிலிருந்து அவருடைய ரேடியோ ரிப்பேர் கடைக்கு இருநூறு டக். எண்ணி முடித்ததும் நின்று மணியடிக்கும்.

“கண்ணு எதுக்கு நைனா? தடவ குச்சி, எண்ண வீலு. எங்க கீறோம்னு அதுக்கே தெரிஞ்சிபூடும்” என்பார் என்னிடம். பக்கத்துத் தையல் கடை என்னுடையது.

இந்த வண்டிப் பைத்தியத்தில் அவர் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. “யோவ், நாளைக்கு மதியானம் சோத்து கேரியர் இந்த வண்டியிலயே கடைக்கு வந்து சேரணும். சேரல, வண்டிய ஒட்ச்சி பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுடுவேன்.”

மனுஷன் முகம் செத்துவிட்டது.

மறுநாள் கடை வாசலில் நின்றோம். மணி அடித்தது, ஆனால் தூரத்தில். ஓடினோம். வண்டி பாதி வழியில், அவர் அண்ணி வீட்டு வாசலில் நின்று கணகணவென்று அடித்துக்கொண்டிருந்தது. பஸ் ஏறி மிதித்து உளுந்து உதிரட்டும் என்று காலையில் யாரோ சாலையில் செடியைப் பரப்பியிருந்தார்கள். அதில் சக்கரம் வழுக்கி, நின்ற இடத்திலேயே சுற்றியிருக்கிறது. வண்டியும் விடாமல் எண்ணியிருக்கிறது. கேட்டால் கடைக்கே வந்துவிட்டதாகச் சத்தியம் செய்திருக்கும்.

இதில் ஒரு சங்கடம். ஓர் அம்மிக்கல் தகராறில் அண்ணிக்கும் அவர் மனைவிக்கும் மூன்று வருஷமாகப் பேச்சே கிடையாது. மணி கேட்டு மனைவி ஓடிவந்தபோது, அண்ணி கேரியரைத் திறந்து கருவாட்டுக் குழம்பை முகர்ந்துகொண்டிருந்தாள். கண்ணெல்லாம் ஈரம்.

“ஏம்மே, எங்கிட்ட பேச வெக்கப்பட்டுக்கினு வண்டியில அனுப்பிச்சியா?”

“அது வந்து அண்ணி, வீலு வழுக்கி...” என்று ரேடியோக்காரர் வாயைத் திறந்தார். ஓங்கி அவர் காலை மிதித்தேன்.

மனைவி வண்டியைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். “ஆமாக்கா. ஆறிடப்போவுது, சாப்புடு” என்றாள்.

வண்டி பிழைத்தது. “மோட்டார் இழுக்காத சின்ன வீலு ஒண்ணு வெச்சி எண்ணுனா வழுக்கல் ஏமாத்தாது நைனா” என்று மறுவாரம் சொன்னார்.

“அப்புறம் என்ன, வைக்கிறதுதானே?”

“வூட்ல வேணாம்னுட்டா. டக்க கொறச்சி வெச்சி, அண்ணி வூட்டாண்டயே நிக்கட்டுமாம்.”

அதற்குப் பிறகு மதியத்தில் ரேடியோக்காரரைக் காணோம் என்றால் யாரும் தேடியதில்லை. அண்ணி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். பக்கத்தில் எனக்கும் ஓர் இலை போட்டிருக்கும்.