கால்டர்விக் டவுன் கீழே இறங்கிய கதை

பருவம் முழுக்கக் கால்டர்விக் டவுன் கால்பந்து அணி அடித்த கோல்கள் நாலே நிமிட வீடியோவில் முடிந்துவிட்டன. மதுக்கடை மாடியில் திரை கறுத்தது. கூடியிருந்த ரசிகர்கள் எல்லாரும் நாரிஸைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நாரிஸ் ஹோல்ராய்ட் ரசிகர் சங்கத் தலைவர். 'நம் பருவத்தைத் திரும்பிப் பார்ப்போம்' என்று ஞாயிறு மதியம் எல்லாரையும் கூப்பிட்டதே அவர்தான். ஒரே ஒரு புள்ளி குறைந்து அணி மேல் லீக்கிலிருந்து கீழ் லீக்குக்கு இறக்கப்பட்டது போன வாரம்தான்.

"அவ்வளவுதானா?" என்றார் இறைச்சிக்கடை வில்ஃப்.

"இருய்யா, ஸ்லோ மோஷன்ல இன்னொரு தடவை போடுறேன்."

அது வினையானது. சாம்பியன்களுக்கு எதிராக அடித்த அந்த அற்புத கோல், மெதுவாக ஓடும்போது எதிரணிக்காரன் முதுகில் பட்டு உள்ளே போவது தெளிவாகத் தெரிந்தது.

"அட, இது சேம் சைடு கோலு!"

"பந்து உள்ள போச்சா இல்லையா?" என்று சீறினார் நாரிஸ்.

சமாளிக்க, கோல்கீப்பர் பாய்ந்து பாய்ந்து தடுத்த காட்சிகளைப் போட்டார். தடுத்த பந்தெல்லாம் நேராக எதிரணிக்காரன் காலடிக்கே உருண்டது. அடுத்து நடந்ததை வெட்ட நாரிஸ் மறந்திருந்தார். வில்ஃபின் மனைவி பெரில் மூக்கைச் சிந்தினாள்.

"ஆகஸ்ட்ல பாயிண்ட்ஸ் டேபிள்ல நாமதான் முதல் இடம்! மறந்துட்டீங்களா?" என்றார் நாரிஸ்.

"ஒரே ஒரு மத்தியானம் மட்டும்," என்றார் வில்ஃப். "மத்தவங்க சாயங்காலம்தான ஆடுனாங்க."

இப்போது வில்ஃபும் கண்ணைத் துடைத்தார். மேல் லீக்குக்காக அரை ஆயுள் காத்திருந்தவர் நாரிஸ். கிடைத்ததோ ஒரே வருடம். துக்கம் கோபமாகத் திரும்ப, நாற்காலி மேல் ஏறினார்.

"எதுக்குய்யா அழறீங்க? அந்த லீக் நமக்கு என்னத்தக் கிழிச்சுது? திங்கக்கிழமை ராத்திரி லண்டன்ல மேட்ச் வெப்பான், திரும்பி வர ரயிலு இருக்காது. கோல் அடிச்சா சந்தோஷப்பட முடியுதா? ஆஃப்சைடு பாக்கறேன்னு எவன் கால் கட்டைவிரல் முன்னால நீட்டிட்டிருக்குன்னு வீடியோவுல தேடிக்கிட்டே இருப்பான்!"

"அதானே!" என்றது ஒரு குரல்.

"இனிமே சனிக்கிழமை மூணு மணிக்கு மேட்ச். நம்ம ஊரு, நம்ம மழை. வர்றவனையெல்லாம் அடிச்சு நொறுக்குறோம்!"

மேசைகள் அதிர்ந்தன. நாரிஸ் மதுக்கடைக்காரரிடம் கத்தரிக்கோலை வாங்கித் தன் ஜெர்சிக் கையிலிருந்த லீக் முத்திரையை வெட்டி எறிந்தார். ஆளாளுக்கு வெட்டினார்கள். பெரில் ஆவேசத்தில் வில்ஃபின் கையையே பாதியாக்கிவிட்டாள். நல்லவேளை, சட்டைக் கையை. மதுக்கடைக்காரர், சுவரில் மாட்டியிருந்த, வீரர்கள் கையெழுத்திட்ட ஜெர்சியையும் கண்ணாடியை உடைத்து எடுத்து வெட்டினார்.

சூட்டோடு சூடாக உள்ளூர் வானொலிக்கு ஃபோன் போட்டார்கள். நேரலையில் நாரிஸ் முழங்கினார்: "அவங்க எங்கள எறக்கல. நாங்களாத்தான் எறங்குறோம். காலைப் பிடிச்சுக் கெஞ்சினாலும் அந்த லீக்ல இனி ஆட மாட்டோம்!"

கூரை பிய்த்துக்கொள்ளும்படி கூச்சல். ஒரு வாரமாகக் கூனிக் கிடந்த நாரிஸின் முதுகு நிமிர்ந்தது.

கீழே பீர் ஊற்றும் டில்லி, கையில் செல்ஃபோனோடு படியேறி வந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க நாரிஸண்ணே... நமக்கு ஒரே பாயிண்ட் மேல இருந்த ஸ்டோன்ஹேமுக்கு ஏதோ விதிமீறல்னு நாலு பாயிண்ட் வெட்டிட்டாங்களாம், அவங்கதான் எறங்குறாங்க, நாம எங்கயும் எறங்கல."