வள்ளித்தாய்க்கு நாலு அறை

விஸ்வநத்தம் வள்ளித்தாய்க்கு விரலில் ரேகை கிடையாது. பிறக்கும்போது இருந்ததுதான். முப்பத்தோரு வருசம் பட்டாசுக் கம்பெனியில் காகிதக் குழாய் உருட்டி, பசை தடவி, லேபிள் ஒட்டினதில் பத்து விரலும் தேய்ந்து கண்ணாடியாகிவிட்டது. அதனால் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. சோறு பிசைய, சாமி கும்பிட, ரெண்டு பிள்ளைகளைத் தூக்கி வளர்க்க ரேகை தேவைப்படவில்லை. அறுபது வயது முடிந்து ஓய்வுப் பலனுக்கு மனுப் போட்டபோதுதான், அரசாங்கத்துக்கு அது தேவைப்படுகிறது என்று தெரிந்தது.

விருதுநகரில் உழைப்போர் ஓய்வுப் பலன் மெய்ப்பிப்பு அலுவலகத்தில் ஒரு சின்ன மிசின் இருந்தது. கட்டைவிரலை வைத்தாள். "இவர் இல்லை" என்றது. ஆள்காட்டி விரலை வைத்தாள். "இவர் இல்லை." பத்து விரலும் முடிந்தபின் எழுத்தர் பாண்டிச்செல்வம் துக்க வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்.

"நீங்க இல்லை பெரியம்மா."

"இங்கனதானே சார் நிக்கேன்."

"நிக்கிறது தெரியுது. ஆனா இல்லை. சென்னைத் தலைமையகத்துல பெரிய மிசின் இருக்கு. அதுல வச்சா ஒருவேளை இருப்பீக. வாற வியாழக்கிழமை பத்தரை மணிக்கு அங்க நிக்கணும். தவறிச்சுன்னா மனு செத்துரும். அறுபத்தொண்ணு தாண்டினவுககிட்ட புது மனு வாங்க மாட்டோம்."

வள்ளித்தாய்க்கு அறுபத்தொன்று முடிய இன்னும் பதினேழு நாள் இருந்தது. பிரஷர் மாத்திரைக்கு மாசாமாசம் மகன் முகத்தைப் பார்க்காமல் இருந்தால் போதும், அவள் கேட்டது அம்புட்டுத்தான்.

"போயிருதேன் சார். எங்க அண்ணன் மகன் ராக்கப்பன் மெட்ராசுல தண்ணி லாரி ஓட்டுதான். அவன் வீட்டுல தங்கிக்கிடுதேன்."

"ராக்கப்பன் வீட்டுக்கு எத்தனை நட்சத்திரம்?"

"தகர வீடு சார். ஓட்டை வழியா நாலஞ்சு தெரியும்."

பாண்டிச்செல்வம் சிரிக்கவில்லை. சுற்றறிக்கையை எடுத்து, எழுந்து நின்று வாசித்தார். "மனுதாரர் தலைநகரில் நட்சத்திரத் தகுதியுள்ள விடுதியில் ஓரிரவு தங்கி, குளித்து, தெளிந்த முகத்துடன் ஆஜராதல் வேண்டும். அவ்வறையை இணையதள ஏலத்தில் மட்டுமே பெறுதல் வேண்டும். சிக்கனத்தை மெய்ப்பிக்கும் பொருட்டு, குறைந்தது மூன்று முறை ஏலத்தில் தோற்றிருத்தல் வேண்டும்."

"குளிக்கிறது சரி சார். எதுக்குத் தோக்கணும்?"

"ரயில விட்டு இறங்கி நேரா வந்தா முகம் போட்டோவோட ஒத்துப் போக மாட்டேங்குதாம். அதனால ரூமு. ரூமுக்குக் கவர்மெண்டு காசு குடுக்கும். அதனால பேரம். எடுத்த எடுப்புல ஜெயிச்சீகன்னா கேட்ட காசைக் குடுத்துட்டீகன்னு அர்த்தம். மூணு தரம் தோத்தாத்தான் நல்லாப் பேசியிருக்கீகன்னு ஆகும்."

வள்ளித்தாய்க்கு நிம்மதியாகிவிட்டது. "தோக்கத்தானே சார். அது நமக்கு நல்லா வரும்."

மகன் புகழேந்தி சிவகாசியில் காலண்டருக்குத் தகரம் அடிக்கிற கம்பெனியில் இருந்தான். அன்றைக்குச் சாயங்காலமே செல்போனில் அந்த ஏலத்தைத் திறந்தான். மெத்தை படம் வந்தது. பக்கத்தில் மூன்று நட்சத்திரம் வந்தது. ஓட்டல் பேர் மட்டும் வரவில்லை.

"என்ன ஓட்டல்லே இது?"

"காசு கட்டுன பெறவுதான் பேரு சொல்லுவாகளாம்."

"பொண்ணு மூஞ்சியப் பாக்காமத் தாலி கட்டுற மாதிரியில்ல இருக்கு."

"இதுதாம்மா இப்ப பேஷன். எங்க மொதலாளி மகன் இப்படித்தான் ரூமு எடுக்கான். எங்க தங்குனீகன்னு கேட்டா, போற வரைக்கும் எனக்கே தெரியாதுன்னு பெருமையாச் சொல்லுதான்."

நாலாயிரம் ரூபாய் அறை. தோற்பதற்காக, கூசாமல் தொள்ளாயிரம் என்று கேட்டான். செல்போனில் வாணம் வெடித்தது. "வாழ்த்துகள் வள்ளித்தாய். அறை உங்களுடையது."

"தப்பா அமுக்கிட்டியாலே?"

"இல்லம்மா. குடுத்துட்டான்."

சரி, ஏமாந்த ஓட்டல்காரன் ஒருத்தன் என்று அடுத்த ஓட்டலுக்குத் தொண்ணூற்றொன்பது ரூபாய் கேட்டான். வாணம் வெடித்தது. மூன்றாவதற்குப் பதினோரு ரூபாய் கேட்டான். மொய்க்கே பத்தாத காசு. அதற்கும் வெடித்தது. சிவகாசியில் பிறந்தவனுக்கே வாணத்தின் மேல் வெறுப்பு வந்தது அன்றைக்குத்தான்.

கண்ணாடி போட்டுக்கொண்டு அடியில் இருந்த சின்ன எழுத்தைப் படித்தபோது விஷயம் விளங்கிற்று. ஏலத்தை நடத்துவது சுற்றுலாவை வளர்க்கிற வேறொரு அலுவலகம். அவர்கள் அந்த வாரத்தை 'மறுப்பில்லா வாரம்' என்று கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். யார் எம்புட்டுக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக்கூடாதாம். வாரம் முடிவது ஞாயிற்றுக்கிழமை. வள்ளித்தாய் போகவேண்டியது வியாழக்கிழமை. எடுத்த அறையைத் திருப்பித் தர முடியாது. ஆள் வந்து தங்காவிட்டால் அறைக்கு ஐயாயிரம் தண்டம்.

வள்ளித்தாய் எழுந்து காளியம்மன் கோயிலுக்குப் போனாள். கண்ணை மூடி நின்றாள். 'ஆத்தா, ஒரு நாளும் என்னை ஜெயிக்க வையின்னு உங்கிட்ட கேட்டதில்ல. நீயும் வச்சதில்ல. இந்த ஒரு வாரம் மட்டும் ஏன் இப்படிப் பண்ணுத? என்னைத் தோக்கடிச்சிரு தாயி' என்று மனசுக்குள் சொல்லி, கற்பூரம் ஏற்றி, திருநீறு பூசிக்கொண்டு வந்தாள்.

"இப்ப ஒத்த ரூவான்னு போடுலே. ரோசமுள்ளவன் எவனும் குடுக்க மாட்டான்."

குடுத்தான். அது ஐந்து நட்சத்திர ஓட்டல்.

மறுநாள் நாலு ரசீதையும் பார்த்துப் பாண்டிச்செல்வம் தலையில் கை வைத்துவிட்டார். அவர் நல்ல மனுசர். அவருக்கும் பிரஷர் உண்டு. சுற்றறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மின்விசிறியைப் பார்த்து, அரைமணி நேரம் கழித்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

"பெரியம்மா, தொள்ளாயிரத்துக்கு ஜெயிச்சீக. தொண்ணூத்தொம்பதுக்கும் கிடைக்கும்னு பெறவு தெரிஞ்சிச்சு. அப்ப தொள்ளாயிரம் குடுத்தது தோல்வியா இல்லியா?"

"தோல்விதான் சார்."

"பதினோரு ரூவாகிட்ட தொண்ணூத்தொம்பது தோத்துச்சு. ஒத்த ரூவாகிட்ட பதினொண்ணு தோத்துச்சு. ஆக மூணு தோல்வி, ஒரு வெற்றி. விதி அப்படியே நெறவேறிட்டு." சீல் குத்தினார். டோக்கன் கொடுத்தார். வள்ளித்தாய் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

தோல்வியடைந்த மூன்று அறைக்கும் ஆள் தங்கியாக வேண்டுமே. தீபாவளி லோடு போய் கம்பெனி அடைத்துக் கிடந்த நேரம். கம்பெனி வேனில் கூட வருகிற அய்யம்மாள், சண்முகத்தாய், அழகுமீனா மூவரும் புளிச்சோறு கட்டிக்கொண்டு ரயில் ஏறினார்கள். இவர்களில் அய்யம்மாள்தான் மூத்தவள். அடுத்த ஆடியில் அவளுக்கும் அறுபது.

ராக்கப்பன் தண்ணி லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் ஓட்டல் ஓட்டலாக இறக்கிவிட்டான். தண்ணீர் வந்திருக்கிறது என்று நினைத்து எல்லா வாட்ச்மேனும் கேட்டை அகலத் திறந்து சல்யூட் அடித்தார்கள்.

அறை நாலும் வள்ளித்தாய் பேரில் இருந்ததால் வள்ளித்தாய் மட்டுமே தங்கலாம் என்றார்கள். ஆகவே நாலு பேர் கையிலும் வள்ளித்தாயின் அடையாள அட்டை ஜெராக்ஸ் இருந்தது. அந்த அட்டையில் இருக்கிற முகம் வள்ளித்தாய் முகமே இல்லை. யார் முகமும் இல்லை. அதனால் யாருக்கும் பொருந்திற்று. "வெல்கம் வள்ளித்தாய் மேடம்" என்று நாலு இடத்திலும் பச்சை நிறத்தில் ஒரு தண்ணீர் கொடுத்தார்கள்.

வள்ளித்தாய்க்குக் கிடைத்தது ஒரு ரூபாய் அறை. கட்டிலில் ஆறு தலையணை. ஒரு தலைக்கு ஆறு எதற்கு என்று யோசித்து, ஐந்தை ஓரமாக அடுக்கினாள். குளியலறைச் சுவர் கண்ணாடி. பணக்காரர்கள் ஒளித்து வைக்க ஒன்றுமில்லாதவர்கள்போல என்று நினைத்து, சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு குளித்தாள். துண்டை வாத்து மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். அதைப் பிரித்துத் துடைக்க மனசு வராமல் முந்தானையில் துடைத்துக்கொண்டாள். மெத்தை உள்ளே இழுத்தது. தரையில் படுத்து, ஆத்தா பேரைச் சொல்லிக் கண்ணயர்ந்தாள்.

வியாழக்கிழமை பத்தரை மணிக்குத் தெளிந்த முகத்துடன் ஆஜரானாள். கூட வந்தவர்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். உயர் மெய்ப்பிப்பு அலுவலர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, அவளைப் பார்த்துவிட்டு, அவளுக்குப் பின்னாலும் பார்த்தார்.

"மற்ற மூணு பேர் எங்கே?"

"எந்த மூணு பேரு சார்?"

"மற்ற மூணு வள்ளித்தாய்."

"நான் ஒருத்திதான் சார்."

"நேற்று இரவு வள்ளித்தாய் நாலு விடுதியில் தங்கியிருக்கிறார். நாலு இடத்திலும் அடையாளம் சரிபார்த்து உறுதி செய்திருக்கிறார்கள். ஒரு ஆள் நாலு கட்டிலில் தூங்க முடியுமா?"

"முடியாது சார்."

"அப்போ நீங்கள் நாலு பேர்."

வள்ளித்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. "சார், விருதுநகர்ல நான் இல்லவே இல்லைன்னாக. இங்க நாலா இருக்கேங்கீக. நடுவுல ஒண்ணா இருக்க ஏதாச்சும் ஆபீசு உண்டா?"

"அது இந்தப் பிரிவில் வராது. நாலு மணிக்குள் மற்ற மூன்று பேரும் வந்து விரல் வைக்க வேண்டும். வராவிட்டால் ஆஜராகவில்லை என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவேன்."

வெளியே வந்து சொன்னாள். அய்யம்மாள் பெஞ்சிலிருந்து எழுந்து சேலையை உதறிக்கொண்டாள்.

"வாங்கடி. நாம மூணு பேரும் வள்ளித்தாய்தான்."

"பாவம் மதினி. பொய் சொல்லச் சொல்லுதீகளே" என்றாள் வள்ளித்தாய்.

"நாம எங்க சொல்லுதோம்? அவுக கம்ப்யூட்டர் சொல்லுது. பெரியவுக சொன்னதை மறுத்துப் பேசலாமா?"

"யக்கா, நேத்து ராத்திரி பூராம் என்னை மேடம் மேடம்னு உங்க பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாக. எனக்கே பழகிப்போச்சு" என்றாள் சண்முகத்தாய். அழகுமீனா ஏற்கெனவே வாசலுக்குப் போய்விட்டாள்.

பெரிய மிசின் பீரோ உயரம் இருந்தது. வள்ளித்தாய் விரலை வைத்தாள். வெள்ளையாக வந்தது. அய்யம்மாள் வைத்தாள். வெள்ளை. சண்முகத்தாய், அழகுமீனா, எல்லோரும் ஒரே மேசையில் ஒரே பசையைத் தொட்டவர்கள். நாலும் வெள்ளை. அலுவலர் நாலையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு திருப்தி தெரிந்தது.

"அப்படியே பொருந்துகிறது. இருபத்திரண்டு வருட சர்வீஸில் இப்படி நூற்றுக்கு நூறு பொருந்தி நான் பார்த்ததில்லை." நாலு பேரையும் படம் பிடித்து, அங்கேயே உத்தரவு எழுதினார். 'நால்வர் அடங்கிய ஒரு பயனாளியான திருமதி வள்ளித்தாய் ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட்டார்.'

நாலு பேரும் வெளியே வந்து, மரத்தடியில் புளிச்சோற்றைப் பிரித்து, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார்கள். கவர்மெண்டையே ஏமாற்றிவிட்ட சிரிப்பு. தை பிறந்ததும் வள்ளித்தாய்க்குப் பணம் வந்தது. மாத்திரை வாங்கினாள். மீதியில் ஆத்தாளுக்கு எண்ணெய் வாங்கி ஊற்றினாள்.

ஆடி வந்தது. அய்யம்மாளுக்கு அறுபது முடிந்தது. மனுவை எடுத்துக்கொண்டு விருதுநகருக்குப் போனாள். துணைக்கு வள்ளித்தாய் போனாள். பாண்டிச்செல்வம் மனுவில் ஒட்டியிருந்த போட்டோவை வைத்துக் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். சென்னையில் எடுத்த அவள் படம் வள்ளித்தாய் பேரோடு வந்தது. தெளிந்த முகத்துடன் இருந்தது.

"அய்யம்மாள்னு எழுதியிருக்கீக. நீங்க வள்ளித்தாயில்ல?"

"இல்ல சார். நான் அய்யம்மா."

"தலைமையகத்துல ஐயத்திற்கு இடமில்லாம மெய்ப்பிச்சிருக்காகளே. உங்களுக்குத்தான் மாசாமாசம் பலன் வருதே பெரியம்மா. ஒரு ஆளுக்கு ரெண்டு பலன் கிடையாது."

அய்யம்மாள் மனுவில் இருந்த தன் பேரை விரலால் தொட்டுக் காட்டினாள். வள்ளித்தாய்க்குத் தான் விழுங்கின மாத்திரை எல்லாம் அவளுடையதாகத் தோன்றிற்று.

"இதுக்கு வழியே இல்லையா சார்?" என்றாள்.

"ஏன் இல்லாம? உங்க கூட வருசக்கணக்கா வேலை பாத்தவுக யாராவது ஒருத்தர், இவுக அய்யம்மாள்தான்னு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

"முப்பது வருசமாப் பக்கத்துல உக்காந்தவ நான். நான் போடுதேன் சார்" என்று பேனாவை எடுத்தாள் வள்ளித்தாய்.

பாண்டிச்செல்வம் அந்தப் பேனாவை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கி மூடி வைத்தார்.

"நீங்க போடக்கூடாது பெரியம்மா. தனக்குத் தானே சாட்சி சொல்ல விதியில இடமில்லை."