மாப்பிள்ளை போட்ட இணைப்பு

எடைமேடையில் ஐம்பது கிலோவாக ஏறிய ஏலக்காய் மூட்டை, பில் போடும் கணினியில் நூறு கிலோவாக வந்து நின்றது.

"மாப்ளே, செடிகூட இந்த வேகத்துல காய்க்கிறதில்ல" என்றார் கம்பத்து ஏலக்காய் வியாபாரி சேக் தாவூது.

எடைமேடை, கிட்டங்கி, பில் மூன்றுக்கும் தனித்தனி மென்பொருள். அவற்றை இணைக்க வந்த கம்பெனியைத் திருப்பி அனுப்பிவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் சோர்ஸ் கருவிகளால் இணைத்துக் காட்டியவன் மருமகன் நௌஷாத். பெங்களூர் வேலையை விட்டு வந்தவனுக்கு மாமனார் கடையில் அது ஒன்றுதான் மரியாதை.

"மூணு மணிக்குள்ள சரக்கு போடிநாயக்கனூர் ஏலத்துக்குப் போயாகணும். பில் இல்லாம லாரி நகராது. நம்ம சரக்கு மட்டும் நின்னுச்சு, நாளைலேர்ந்து நீங்க கம்ப்யூட்டரத் தொட வேணாம். மூட்டை தைங்க."

"அஞ்சே நிமிஷம் மாமா."

ஒரு வரியைத் திருத்தினான். வழக்கம்போல, உலகத்துக்குப் பயன்படட்டும் என்று அதை இணையத்திலும் ஏற்றினான். உலகம் இதுவரை ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை.

பில் போடும் ஜெஸ்லின் எட்டிப் பார்த்தாள். "எடை சரியாயிருச்சுண்ணே. ஆனா ஏலக்காய்க்குப் பதிலா மிளகுன்னு வருது."

இன்னொரு திருத்தம். அதையும் ஏற்றினான். ஏலக்காய் திரும்பி வந்தது. ஆனால் வாங்கிய சரக்கெல்லாம் வாபஸ் கணக்கில் விழுந்தது. கூடவே சரக்கு கொடுத்த தோட்டக்காரர்களுக்கெல்லாம் 'சரக்கு பிடிக்கவில்லை, எடுத்துச் செல்லவும்' என்று குறுஞ்செய்தி பறந்தது.

மேகமலைத் தோட்டக்காரர் செல்லப்பாண்டி போனில் வந்தார். "ஏம்ப்பா, நேத்து உங்க மாமா மோந்து பாத்து நல்லா மணக்குதுன்னாக. ராத்திரியில அவுக மூக்குக்கு என்னாச்சு?"

அடுத்த திருத்தத்தில் திரையே வெளுத்துப் போனது. ஜெஸ்லின் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

மணி மூன்றைத் தாண்டியது. சேக் தாவூது கோணி ஊசியைத் தேடி உள்ளே போனார். திரும்பி வந்தபோது காதில் போன், முகமெல்லாம் சிரிப்பு.

"அல்லா காப்பாத்திட்டான் மாப்ளே! ஏலத்த நாளைக்குத் தள்ளிட்டாக. எந்தக் கடைச் சரக்கும் போய்ச் சேரலையாம்!"

நௌஷாத் நிமிர்ந்து உட்கார்ந்தான். "பாத்தீகளா மாமா? காசு குடுத்து வாங்குன சாப்ட்வேருக்கும் இதே கதிதேன்."

அப்போது, எதிர்க்கடையில் கணினி பார்க்கும் கார்த்திக்ராஜ் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அண்ணே, கும்பிட்டுக் கேக்குறேன், இனிமே திருத்தாதீக! பஜார் முழுக்க நீங்க இணையத்துல போட்டதத்தேன் ஓட்டிக்கிட்டிருக்கோம், நீங்க ஏத்துன மறுநிமிஷம் அம்புட்டுக் கடையிலயும் வந்து உக்காந்துருது!"