பியானோக்காரர் தலையசைத்தார்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிய நான் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் உடம்பளவில் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருந்தால் சந்தோஷம். குறையாவிட்டாலும் இந்தக் கடிதத்தை உட்கார்ந்தே படிக்கவும்.

விஷயம் இதுதான். போன மாதம் உங்கள் டைல்ஸ் கடைக்கு வந்தபோது, பில் போடும் நாற்காலியை என் மகளுக்காகக் காலியாக வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். "மியூசிக் எழுதுற படிப்புக்கு யாரு வேலை குடுப்பா? கடைசிப் பரீட்சையில ஊத்திக்கிட்டா நேரா இங்க அனுப்பிடுங்க" என்றீர்கள். அவளும் வீம்பாக "சரி மாமா, தோத்தா வர்றேன்" என்று ஒப்புக்கொண்டாள். நான் ரோஷத்தோடு "அப்படி ஒரு நிலைமை வராது" என்றேன். வந்துவிட்டது. வரவழைத்தவன் நான்தான். தயவுசெய்து அந்த நாற்காலியை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

அந்தத் துறையில் கடைசிப் பரீட்சைக்குக் கேள்வித்தாள் கிடையாது. ஆளுக்கொரு இசை எழுத வேண்டும், வாத்தியம் படிக்கும் மாணவர்களைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்துவந்து தேர்வாளர்கள் முன்னால் அதை வாசிக்க வைக்க வேண்டும், எழுதியவர் மட்டும் கடைசி வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நான் போனபோது வராந்தாவில் ஒரு பையன் குடையை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தான். "தம்பி, மழையே இல்லையே" என்றேன். "இது என் இசையோட இரண்டாவது பகுதி அங்கிள்" என்றான். இன்னொரு பெண் பிஸ்கட் டப்பா மூடியைக் காதில் வைத்துத் தட்டிப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். யாரோ அதை மிதித்து நெளித்துவிட்டார்களாம், நேற்று வரை சரியாக ஒலித்ததாம். இவர்களுக்கு நடுவில் நம் பிள்ளை பியானோ, வயலின், புல்லாங்குழல் என்று முறையாக எழுதியிருந்ததைப் பார்த்து எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்தப் பெருமை நிலைக்க வேண்டாமா? பியானோ வாசிப்பவருக்கு இரண்டு கையும் வேலையாக இருக்குமாம், பக்கம் திருப்பப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டுமாம். அந்த ஆளுக்கு அன்றைக்குப் பார்த்துக் கண்வலி வந்து கண்ணே திறக்க முடியவில்லை. மகள் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "அப்பா, நீங்க உட்காருங்க. அவர் தலையை ஆட்டுவார், உடனே பக்கத்தைத் திருப்பிடுங்க. அவ்வளவுதான்." மச்சான், வாழ்நாளெல்லாம் ரயிலில் கார்டாக இருந்தவன் நான். சைகை கண்டால் காரியம் முடித்துவிட்டுத்தான் மூச்சு விடுவேன். இது ஒரு வேலையா என்று மேடையேறி, பியானோ பக்கத்தில் கிடந்த ஆடுகிற முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அந்தப் பியானோக்காரர் ரசித்து ரசித்து வாசிக்கிற பேர்வழி என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதல் வரியிலேயே அவருக்கு இசை பிடித்துப்போய்த் தலையை ஆட்டினார், நான் திருப்பினேன், அவர் திடுக்கிட்டுப் புதுப் பக்கத்தில் தொத்திக்கொண்டு என்னைப் பார்த்து "வேண்டாம்" என்று தலையை ஆட்டினார், நான் மறுபடி திருப்பினேன், இவர் தாவித் தாவிப் போவதைப் பார்த்த வயலின்காரப் பெண் தன் தாள்களைப் புரட்டிக்கொண்டே துரத்தி வந்தாள், பாதி வழியில் கைவிட்டு வில்லை மடியில் வைத்துவிட்டாள், கடைசிப் பக்கத்திலும் அந்த மனிதர் தலையை ஆட்டினார், திருப்புவதற்குப் பக்கம் இல்லையே, வேறு வழியில்லாமல் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். புல்லாங்குழல் பையன் மட்டும் இது எதையும் கவனிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தன் பங்கைத் தனியாக, கடைசி வரைக்கும் வாசித்து முடித்தான். கண்ணைத் திறந்தால் எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தேர்வாளர்கள் தலையோடு தலை வைத்துப் பேசிவிட்டு, "பிறகு சொல்லியனுப்புகிறோம்" என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பதவி உயர்வு கேட்டபோதெல்லாம் ரயில்வேயில் எனக்கு அந்தப் பதில்தான் வந்தது. மகள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "வீட்டுக்குப் போலாம்பா" என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து அறைக்குள்ளேயே கிடக்கிறாள், உள்ளே காகிதம் கிழிகிற சத்தம்தான் கேட்கிறது. உங்கள் தங்கையோ, "கல்யாணமான நாள்லேருந்து நான் எத்தனை தடவை தலையை ஆட்டியிருக்கேன், ஒரு தடவையாவது காரியம் நடந்திருக்கா? அங்க மட்டும் என்ன சுறுசுறுப்பு?" என்கிறாள். ஆசையாய் எழுதிய பிள்ளையின் இசையை என் கையாலேயே மூடிவைத்தேன் மச்சான். கடையில் அவளைக் கடிந்து பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது போதும்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும், குழந்தைகளுக்கு, அவர்கள் ஏற்றுக்கொண்டால், என் ஆசியும்.

இப்படிக்கு,
இனி எந்தத் தாளையும் தொடாத,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மகள் கதவைத் திறந்து வந்தாள். கைநிறையக் கிழித்த காகிதம். "நீங்க தாண்டிப் போன பக்கத்தையெல்லாம் கிழிச்சுட்டேன்பா" என்றாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அட, இல்லப்பா! அதெல்லாம் பேராசிரியருக்குப் பிடிக்கணுமேன்னு பயந்து பயந்து எழுதினது. புல்லாங்குழல் தனியா வாசிச்சப்போ ஹால்ல ஒருத்தர்கூட இருமல, கவனிச்சீங்களா? நான் எழுத நினைச்சது அதைத்தான்." நடந்ததை வைத்து மதிப்பெண் போட முடியாது, அடுத்த வாரம் இன்னொரு முறை வாசித்துக் காட்டு என்று தேர்வாளர்கள் சொல்லியனுப்பியிருக்கிறார்களாம். கண்வலிக்காரருக்குக் குணமாகிவிட்டது. ஆனாலும் "அப்பாதான் உட்காரணும்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். பியானோக்காரர் தலையை ஆட்டவே கூடாது, புருவத்தை மட்டும் உயர்த்த வேண்டும் என்று உத்தரவு. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து வைத்துவிட்டேன்.

ஆகவே அந்த நாற்காலி அவளுக்கு வேண்டாம். எனக்கு வேண்டும். மேடையில் அந்த முக்காலி ரொம்ப ஆடுகிறது. பரீட்சையன்று நீங்களே அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள், முன்வரிசையில் உங்களுக்கு இடம் போட்டு வைக்கிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன் மச்சான். எவ்வளவு பிடித்துப்போனாலும் தலையை ஆட்டிவிடாதீர்கள். நான் திருப்பிவிடுவேன்.