ஊரார் புகை

மோப்பக்காரர் என்றொரு மனித இனம் உண்டு. நாயோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நாய் தன் வாலையும் முகர்ந்து பார்க்கும். இவர்கள் தங்கள் பக்கம் மட்டும் மூக்கைத் திருப்ப மாட்டார்கள்.

இலங்கையில் ஹாலிஎலவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிற்சாலைப் பொறுப்பைப் பார்க்கும் டீமேக்கராக இருந்த மாணிக்கராஜ் ஐயா இந்த இனத்தின் நல்ல மாதிரி. பதுளைக்கு ரயில் வந்த வருடம் அது. நான், யாகோப்பு, அவருக்குக் கீழே கொழுந்து நிறுக்கும் கிளாக்கர். பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் காலைப் பெரட்டு கலைந்து ஆட்கள் மலைக்குப் போனதும் ஐயா தொழிற்சாலை வாசலுக்கு வருவார், சுருட்டை இடது கைக்கு மாற்றிக்கொள்வார், கண்ணை மூடுவார், பள்ளத்திலிருந்து ஏறிவரும் காற்றை இழுத்து, இது ரயிலின் நிலக்கரிப் புகை, கந்தகம் அடிக்கிறது, இது கிராமத்தார் மலைச்சரிவுப் பத்தனைப் புல்லுக்கு வைத்த தீ, இது சுண்ணாம்புச் சூளை, இது மாட்டுவண்டி கிளப்பிய ரோட்டுப் புழுதி, இது தொழிலாளர் குடியிருக்கும் லயத்து மண்ணெண்ணெய் விளக்கின் கரி, இது துரையின் புது மோட்டார் கக்கியது (இதை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்வார்) என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுவார். சுருட்டு? அது அந்தப் பட்டியலில் ஒருநாளும் வந்ததில்லை.

உள்ளே தேயிலை சலிக்கும் அறையில் தூசி எழும்பி ஆளை ஆள் தெரியாது. வீரய்யா பதினோரு வருடம் அங்கே சல்லடை பிடித்தவன். இருமல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பான். ஒருநாள் ஐயாவுக்கு அந்தத் தூசியைக் காட்டினேன்.

"அது தூசி இல்ல யாகோப்பு, வாசம்," என்றார். "அவன் இருமுறது அவன் வீட்டு அடுப்புப் பொகையில."

ஆகஸ்ட் மாதம் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் தேயிலையில் புகை வாடை வீசுகிறதாம். தேயிலை எந்த வாடையையும் சட்டென்று வாங்கிக்கொள்ளும், பிறகு விலை போகாது. துரை காரணம் கேட்டார். ஐயாவுக்கு யோசிக்க ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. தொழிற்சாலைக்குப் பின்னால் முப்பது அடி தள்ளித்தான் வீரய்யாவும் அவன் மனைவி பெரியாயியும் இருந்த லயக் காம்பரா, ஒற்றை அறை. அந்த அடுப்பை அணைக்கச் சொல்லி அன்று மாலையே உத்தரவு போயிற்று. வாடை நிற்காவிட்டால் காம்பராவையே காலி செய்ய வேண்டும்.

அணைத்த பிறகும் வாடை இருந்தால் அது அவர்கள் அடுப்பாக இருக்குமா? இப்படியொரு கேள்வி மோப்பக்காரருக்கு எழாது. நான்காம் நாள் காலை ஊற்றிப் பார்த்த தேநீரில் வாடை அப்படியே இருந்தது. பெரியாயி வாசலில் வந்து நின்றாள்.

"மூணு நாளா அடுப்பு பத்த வைக்கலீங்க ஐயா. இவருக்கு நெஞ்சுக்கு இதமா ஒரு வாய் சுடுதண்ணிகூட இல்ல. இன்னமும் பொகை வாடை வருதுன்னா அது எங்க அடுப்பு இல்லதானுங்களே?"

"அது பழைய பொகை. செவத்துல ஏறியிருக்கு."

"அப்ப செவத்த விட்டுட்டு அடுப்ப ஏங்க அணைக்கச் சொன்னீங்க?"

ஐயா சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டார். நான் கொழுந்துக் கணக்கை எழுதப் போனேன்.

அந்த வாரமே, வேறு ஏதோ வேலைக்காக, பதுளையிலிருந்து ஹுமைத் என்ற மெக்கானிக் வந்தார். தேயிலை உலர்த்தும் இயந்திரத்துக்குச் சூடு கொடுக்கும் பெரிய விறகடுப்பை எட்டிப் பார்த்தார். அதன் புகையை வெளியே கொண்டுபோகும் இரும்புக் குழாயில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு.

"பொகை நேரா தேயிலைக்குள்ளதான் போகுது. எத்தின மாசமா இப்பிடி?" என்று கேட்டார்.

"எங்க அடுப்புல வர்றது சூடு," என்றார் ஐயா. "பொகை இல்ல."

சனிக்கிழமை குழாயை அடைத்தார்கள். அதே சனிக்கிழமை பெரியாயி சட்டி பானைகளைத் தலையில் தூக்கிக்கொண்டு ஒரு மைல் தூரத்து மேல் லயத்துக்கு ஏறினாள். வீரய்யா மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து பின்னால் போனான். திங்கட்கிழமைத் தேநீரில் வாடை இல்லை. லயத்து அடுப்பை அகற்றியதால் தேயிலையின் குறை நீங்கியது என்று ஐயா துரைக்கு அறிக்கை கொடுத்தார். குழாயைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அதை அழகான கையெழுத்தில் படியெடுத்துக் கொடுத்தவன் நான்தான்.

வீரய்யா தினமும் அந்த மைலை இறங்கி வந்து சல்லடை பிடித்தான். இருமல் நிற்கவில்லை. ஐயா வாசலில் நின்று மேல் லயத்துப் பக்கமாக மூக்கைத் தூக்கிப் பார்த்தார்.

"அங்க பனி ஜாஸ்தி," என்றார்.

இதைப் படித்து வரும்போது உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவருடைய முகம் நினைவுக்கு வந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், மேலதிகாரியாக இருக்கலாம், மாமனாராகவும் இருக்கலாம். அப்படியே அவர்தான் என்று தலையாட்டியும் இருப்பீர்கள். என் முகம் வந்திருந்தாலும் நான் மறுக்கப் போவதில்லை. உங்கள் முகம் மட்டும் வரவில்லை, அப்படித்தானே? மாணிக்கராஜ் ஐயாவுக்கும் வந்ததில்லை.